லிஃப்ட் பழுது, படிகளைப் பயன்படுத்தவும்

எனக்கு டீ வேண்டாம் ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெந்நீர் இருந்தால் ஒரு டம்ளர் போதும். நீங்கள் குடியுங்கள். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கியதைப் பார்த்தேன், கூடவே நாலு கிரீம் பிஸ்கட். இடுப்பின் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பார்கள். உங்களுக்குத் தாண்டி ஒரு வருடமாவது ஆகியிருக்கும். குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது இது இல்லை என்பதும் தெரியும். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். எழுதுகிறவருக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்துகிறேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடப்பது அவருக்கும் நல்லது.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புப் பிரிவு. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். மேஜை இழுப்பறையில் எப்போதும் ஏதாவது வறுத்தது, பொரித்தது இருக்கும். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு இடது கை மரத்துப்போனது. நெஞ்சின் மேல் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போல இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளைக் கொடுத்தார்கள், 'இதயத்தைக் காக்கும் பன்னிரண்டு பழக்கங்கள்' என்று. மற்றவர்கள் அதை மருந்துச்சீட்டோடு சேர்த்து மடித்து, அதோடு மறந்துவிடுவார்கள். நான் பிளாஸ்டிக் உறை போட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டினேன்.

நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அதுவும் எல்லாவற்றிலும் சேர்த்து. தட்டில் பாதி காய்கறி. உப்புப் போடாத பாதாமோ வால்நட்டோ ஒரு கைப்பிடி. எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்ற வேண்டும், பாட்டிலைச் சாய்க்கக்கூடாது. ஏழு மணி நேரத் தூக்கம், அரை மணி நேர நடை, கோபத்தைக் குறைப்பது, மாத்திரையை மறக்காமல் இருப்பது. இப்படிப் பதினொன்றை நான் இம்மி பிசகாமல் கடைப்பிடித்தேன். பன்னிரண்டாவது மட்டும் என் கையில் இல்லை. 'லிஃப்டைத் தவிர்த்துப் படிகளில் ஏறுங்கள்' என்று இருந்தது. எங்கள் வீடு தரைத்தளம்.

எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்துக்கு மேல் ஐந்து மாடிகள், மொத்தம் இருபது குடும்பங்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை என்பது உண்மை, ஆனால் நான் செய்த மாதிரி யாரும் செய்திருக்கவும் மாட்டார்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு சங்க வேலையோடு இதய வேலையையும் சேர்த்துக்கொண்டேன். பிரஷர் பார்க்கும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். வருகிறவர் போகிறவர் கையை நீட்டினால் பார்த்துச் சொல்வேன். நீட்டாதவர்களிடம் நானே கேட்பேன். எனக்குப் 'பிரஷர் சார்' என்று பெயர் வைத்தார்கள். என்னைக் கண்டால் சிலர் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவது போல நழுவினார்கள். நல்லது சொல்கிறவனுக்கு எந்தக் காலத்திலும் இதுதான் மரியாதை.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அண்ணன். நான்காம் மாடியில் தனியாக இருந்தார், மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். பக்கத்துத் தெருவில் பேக்கரி வைத்திருந்தார். கட்டடமே அவரைப் 'பன் அண்ணன்' என்றுதான் கூப்பிடும். தொண்ணூற்று நாலு கிலோ. சிரித்தால் வயிறு தனியாகச் சிரிக்கும். கடையிலிருந்து வரும்போது கையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும், அதை வீடு போய்ச் சேர்வதற்குள் வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிடுவார். நான் வாசலில் பிரஷர் கருவியோடு நிற்பேன், அவர் வெண்ணெய் வாசனையோடு உள்ளே நுழைவார். யாரைச் சுற்றிக் கூட்டம் சேரும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அவர் மேல் எனக்குப் பாசம் உண்டு. இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவி எங்கள் வீட்டில் அவித்த காய்கறியைத் தட்டில் வைத்துவிட்டு, பசிக்கவில்லை என்பாள். பத்து நிமிடத்தில் "அண்ணன பாத்துட்டு வரேங்க" என்று லிஃப்டில் ஏறுவாள். ஒரு மணி நேரம் கழித்து உதட்டோரத்தில் கேக் தூளோடு இறங்கி வருவாள். அவர் வீட்டு பால்கனியிலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் எனக்குக் கீழே கேட்கும். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து வருடக்கணக்காகிறது. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் நான் கவலைப்பட்டது அவருடைய இதயத்துக்காகத்தான்.

நான் அவரிடம் சொல்லாத நாள் இல்லை. "மச்சான், உங்க கடை ரொட்டியில உப்பு எவ்வளவு தெரியுமா?" என்று கேட்டால், "மாப்ள, உப்பில்லாத ரொட்டிய ஒரு நாள் சுட்டுப் பாத்தேன். தெரு நாய்கூட மோந்து பாத்துட்டு என்னைத் திட்டிட்டுப் போயிருச்சு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். அவர் வீட்டு அலமாரியில் சர்க்கரை டப்பாவை ஒருமுறை நானே எடுத்துப் போய்க் கொட்டினேன். மறுநாள் அதே இடத்தில் இரண்டு டப்பா இருந்தன. ஒன்றில் 'மாப்பிள்ளை கொட்டுவதற்கு' என்று சீட்டு ஒட்டியிருந்தார்.

ஐந்து மாதத்துக்கு முன்பு லிஃப்ட் நிஜமாகவே கெட்டுப்போனது. மூன்று நாள் ஓடவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு டீச்சர் இருக்கிறார், கணக்கு டீச்சர், வாயைத் திறந்தால் புகார்தான் வரும். மூன்றாம் நாள் அவரே என்னிடம் வந்து, "சார், சொல்லவே கூடாதுன்னு நினைச்சேன். படி ஏறி எறங்கினதுல நேத்து அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினேன்" என்றார். அந்த நிமிடம் என் மனதில் பன்னிரண்டாவது வரி பளிச்சென்று தெரிந்தது. என்னால் ஏற முடியாவிட்டால் என்ன, மற்ற மாடிக்காரர்களை ஏற வைக்கலாமே.

நாலாம் நாள் மெக்கானிக் வந்து சரிசெய்தார். சுவிட்ச் பெட்டி தரைத்தளத்தில், படிக்குக் கீழே இருக்கிறது. சுவிட்சைப் போட்டு, ஓட்டிக் காட்டி, பெட்டியைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய வண்டி தெருமுனை திரும்பியதும் நான் பெட்டியைத் திறந்து சுவிட்சை அணைத்தேன். கதவில் பழைய அறிவிப்பே தொங்கியது. 'லிஃப்ட் பழுது, படிகளைப் பயன்படுத்தவும்.' கீழே தேதியை மட்டும் மாற்றினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் தேதியை மாற்றி எழுதினேன். ஒரே தேதி இருந்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் வரும், புதுத் தேதி இருந்தால் யாரோ பின்னால் நின்று வேலை பார்க்கிறார்கள் என்று நம்புவார்கள். அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளோடு குப்பை கொட்டியவன் நான்.

கேட்டவர்களிடம் கண்ட்ரோல் போர்டு கப்பலில் வருகிறது என்றேன். லிஃப்ட் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். காரசாரமாக எழுதினேன், அனுப்பவில்லை. சங்கக் கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். ஏழாவது கடிதத்தில் 'எங்கள் பொறுமையைச் சோதிக்காதீர்கள்' என்று முடித்திருந்தேன். அதை வாசித்தபோது ஐந்தாம் மாடிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். "சார் மட்டும் இல்லன்னா நம்ம கதி அதோகதிதான்" என்றார். அவர் வீட்டில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு நடக்க வராது, சக்கர நாற்காலிதான். ஐந்து மாதமாக அந்த அம்மா கீழே இறங்கவே இல்லை. வெயில் பால்கனியிலும் கிடைக்கிறது, அதை நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

பலன் கண்கூடாகத் தெரிந்தது ஐயா. அதற்குத் தனி நோட்டு வைத்திருக்கிறேன், என் மேஜையில் பச்சை அட்டை போட்டது, நீங்கள் எடுத்து வைத்திருப்பீர்கள். டீச்சருக்குச் சர்க்கரை அளவு நாற்பது புள்ளி இறங்கியது. இரண்டாம் மாடித் தையல்காரருக்கு நாலரை கிலோ குறைந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் ஆறு கிலோ இளைத்தார். அவர் எங்கள் கட்டடத்துக் குடியிருப்பு இல்லை, ஆனாலும் அவர் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். மூன்றாம் மாடியில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தாள். ஏழாம் மாதம் தொடங்கியதும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது.

இரண்டு மாதம் ஆனபோது ஜனங்களுக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. "நாங்கெல்லாம் படி ஏறுற ஆளுங்க" என்று பக்கத்துக் கட்டடத்தில் பீற்றிக்கொண்டார்கள். என் வாசலில் நின்று தாங்களாகவே கையை நீட்டி, பிரஷர் பாருங்கள் என்றார்கள். ஒரு முறை வரிசைகூட நின்றது. என் மனைவி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள். எனக்கு மனது நிறைந்துபோனது.

மச்சானும் ஏறினார். ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி, நான்கு மாடிக்கு எழுபத்திரண்டு. முதல் மாதம் படியில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினார். மூன்றாம் மாதத்தில் பாட்டு நின்றது. ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் வீங்கியிருந்தது, செருப்பின் வார் பதிந்து தடம் தெரிந்தது. உடம்பு பழக்கப்பட்டு வருகிறது என்று நோட்டில் எழுதினேன்.

ஒரு நாள் மதியம் சங்க அறைக்கு வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கடையில் இருந்து வந்தவர், கையில் பொட்டலம் இல்லை. அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது.

"மாப்ள, உன்கிட்ட மட்டும் சொல்றேன். தங்கச்சிக்குத் தெரிய வேணாம், பயந்துடுவா" என்றார். "டாக்டர பாத்தேன். ஹார்ட்டு பம்பிங் பாதிக்கும் கம்மியா இருக்காம். மாத்திரை குடுத்திருக்கார். மாடிப்படி ஏறவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார்."

"எந்த டாக்டர்?" என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். நான் பார்த்திருக்கிறேன், குண்டாக இருப்பார், ஒரு மாடிக்குக்கூட லிஃப்டில் போகிறவர்.

"லிஃப்ட்டு எப்ப மாப்ள வரும்? உண்மையச் சொல்லு. நாள் ஆகும்னா கடையிலேயே ஒரு கட்டில் போட்டுக்கிறேன்."

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு நான் மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. சுவிட்ச் பெட்டி அந்த அறையிலிருந்து பத்தடி தூரம். நான் யோசித்தேன். அவர் கடையில் படுத்தால் ராத்திரியும் ரொட்டியும் பன்னும்தான் சாப்பாடு என்று ஆகிவிடும். தவிர, மூன்று மாதம் ஏறியவர் திடீரென்று நிறுத்தினால் எடை கூடும். அந்தத் தாளில் பன்னிரண்டாவது வரிக்குக் கீழே 'மருத்துவர் ஆலோசனைப்படி' என்று சின்ன எழுத்தில் இருக்கிறது என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். இருக்கிறதுதான். எல்லாத் தாளிலும் அப்படித்தான் போடுவார்கள்.

"கடைக்கெல்லாம் போக வேணாம் மச்சான். போர்டு துறைமுகத்துக்கு வந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள்தான். மெதுவா ஏறுங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் நான் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டேன், அவர் உட்கார்ந்து போகட்டும் என்று. யாரும் கேட்காமல் நானாகச் செய்தது.

பிறகு ஆண்டுக் கூட்டம் வந்தது. இந்த வருடம் அதை 'இதய நல விழா' என்று பெரிதாக நடத்துவதாகத் தீர்மானித்தோம். என் திட்டம் இதுதான். எல்லோரையும் லிஃப்ட் முன்னால் உட்கார வைப்பேன். பச்சை நோட்டிலிருந்து ஒவ்வொருவர் பெயரையும் படித்து, அன்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று சொல்வேன். கடைசியில் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போடுவேன். லிஃப்டில் விளக்கு எரியும். 'இது பழுதாகவே இல்லை, உங்களுக்காகத்தான் அணைத்து வைத்தேன்' என்பேன். முதலில் திகைப்பார்கள். பிறகு கைதட்டுவார்கள். மச்சான் எழுந்து வந்து, "அடப்பாவி மாப்ள, என்னையே ஏமாத்திட்டியே" என்று கட்டிப்பிடிப்பார். இதைத் தினமும் காலை நடக்கும்போது மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். பேச்சைக் கூட எழுதி வைத்திருந்தேன்.

விழாவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தபோது, ஒரு விடுமுறை நாள், காலை பதினோரு மணி இருக்கும். மச்சான் ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். தட்டில் ஒரு கேக்.

"உன் தாளுல சொன்ன மாதிரியே பண்ணிருக்கேன் மாப்ள. ஓட்ஸ், வாழைப்பழம், பாதாம். வெண்ணெய் கெடையாது, சர்க்கரை கெடையாது, உப்பு கெடையாது. விழாவுக்கு இதையே போட்டுரலாம். முப்பது வருஷ பேக்கரிக்காரன் மானத்த வாங்கிட்ட, சாப்ட்டுப் பாத்து சொல்லு."

என் மனைவி சந்தோஷத்தில் கத்தியைத் தேடி ஓடினாள். எனக்காக அவர் அப்படிச் செய்தது என்னைத் தொட்டது ஐயா. கண் கலங்கியது என்றே சொல்லலாம். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. "உப்பில்லன்னா எப்படி உப்பியிருக்கு? பேக்கிங் பவுடர் போட்டீங்களா?" என்றேன்.

"அரைக் கரண்டி."

"அதுல சோடியம் இருக்கு மச்சான். உப்பில் இருக்கிற அதே சங்கதி. எவ்வளவுன்னு பாக்கெட்டுல போட்டிருக்கும். அதைப் பாக்காம நான் வாயில வைக்க மாட்டேன்."

"அட, அரைக் கரண்டிதானேங்க" என்றாள் மனைவி. நான் தாளைக் கையால் காட்டினேன். "சரி, வீட்டுச் சாவியக் குடுங்கண்ணா, நான் போயி எடுத்துட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினாள்.

"நீ எதுக்கு? அவரே போகட்டும். நாலு படி ஏறினா நல்லதுதானே" என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்தார். அவருடைய இதயத்தின் நிலை அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் முன்னால் அவர் எதையும் சொல்ல முடியாது. நான் அதை நினைத்து அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அது எனக்குத் தெரியாமலும் இல்லை. "இன்னைக்கு உன்னச் சாப்பிட வெக்காம விட மாட்டேன்டா" என்று சிரித்துவிட்டு எழுந்து போனார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேலேயிருந்து டீச்சர் அலறும் சத்தம் கேட்டது. நான் படியில் ஓடினேன். என் வாழ்நாளில் அந்தக் கட்டடத்தின் படிகளில் அத்தனை மாடி ஏறியது அன்றைக்குத்தான், எனக்கே மூச்சு வாங்கியது. நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் பேக்கிங் பவுடர் பாக்கெட். அதாவது ஏறி முடித்து, எடுத்துக்கொண்டு, இறங்கி வரும்போதுதான் விழுந்திருக்கிறார். ஏறும்போது அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. 'நான் அப்போதே சொன்னேனே' என்பதுதான் வந்தது. எத்தனை வருடம் சொல்லியிருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்துவிட்டது. வேகமாக வந்தார்கள், பாராட்ட வேண்டும். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஓடிவந்து, "லிஃப்ட் எங்க சார்?" என்றார்கள். நான் கீழே வந்து லிஃப்ட் முன்னால்தான் நின்றிருந்தேன். என் பதிலுக்கு அவர்கள் காத்திருக்கவே இல்லை. தையல்காரர், ஐந்தாம் மாடிக்காரர், எல்லோரும் ஒரே குரலில், "அஞ்சு மாசமா பழுதுங்க" என்றார்கள். அவ்வளவு பேர் மனதார நம்பிச் சொல்லும்போது குறுக்கே பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. "ஆமா, பழுது" என்றேன்.

அப்போதே பெட்டியைத் திறந்திருக்கலாமே என்று கேட்டீர்கள். திறந்திருக்கலாம். ஆனால் எப்படித் திறப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை பேர் கண் முன்னால் சுவிட்சைப் போட்டால், விழா இல்லை, பேச்சு இல்லை, நோட்டு இல்லை. அரைகுறையாக, தப்பான நேரத்தில், வெறும் பொய்யனாக நிற்பேன். ஐந்து மாத உழைப்பு ஐயா.

படித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. மச்சானைத் துணி நாற்காலி ஒன்றில் வைத்துக் கட்டி, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கினார்கள். தொண்ணூற்று நாலு கிலோ. ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, என்னைப் பாருங்க அண்ணா" என்று சொல்லிக்கொண்டே கூட வந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்தபோது, அவருடைய பொருட்களை எடுத்து வர அவளை மறுபடியும் நான்காம் மாடிக்கு அனுப்பினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். முதல் மாடி தாண்டுவதற்குள் முன்னால் பிடித்திருந்தவர் மச்சானின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு அவர்கள் அவசரப்படவில்லை. எல்லாம் சேர்த்துப் பதினாலு நிமிடம்.

மூன்றாம் நாள் டீச்சர் ஆத்திரத்தில் லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்திருக்கிறார். ஐந்து மாதமாக எங்களுக்கு ஒரு புகாரும் வரவில்லையே என்று சொல்லியிருக்கிறார்கள். மெக்கானிக் வந்தார். தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் பெட்டியைத் திறந்தார். "சார், இதுல ஒரு கோளாறும் இல்லையே. சுவிட்சு அணைஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்று போட்டார். லிஃப்ட் விளக்கு எரிந்தது. இருபது குடும்பமும் அங்கே நின்றது. ஏறக்குறைய நான் நினைத்து வைத்திருந்த மாதிரியேதான் லிஃப்ட் முன்னால் கூடியிருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை.

என் மனைவி லிஃப்டில் ஏறினாள். நான்காம் மாடிக்குப் போனாள், இறங்கி வந்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். கதவு திறந்தது, உள்ளே நின்றபடியே என்னைப் பார்த்தாள். "இருபத்திரண்டு செகண்டுங்க" என்றாள். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டியிருக்கலாம். முப்பது வருடத்தில் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது ஒரு எண்.

கடைசியாக அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறீர்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம்கூட. இரண்டாம் மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்தார்கள் என்றேன் அல்லவா, அவள் மேலே போயிருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வார்களை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவரிடமிருந்து வாங்கிய பேக்கிங் பவுடர் பாக்கெட் என் கையில் இருந்தது. சும்மா நிற்கிற நேரத்தில் பின்பக்கத்தைப் படித்தேன். ஒரு தேக்கரண்டிக்கு நானூற்று எண்பது மில்லிகிராம் சோடியம். அரைக் கரண்டி, எட்டுத் துண்டு, துண்டுக்கு முப்பதுதான் வருகிறது. தாராளமாகச் சாப்பிடலாம்.

நிமிர்ந்தபோது அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, லிஃப்ட்டு வந்துருச்சா?" என்று கேட்டார். குரல் மிகவும் மெல்லியதாக இருந்தது, குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. "இன்னும் பத்தே நாள் மச்சான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பினார் ஐயா.

அதை மட்டும் கொஞ்சம் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், நான் அவரிடம் பொய் சொன்னதாக நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. பத்தாம் நாள் கண்டிப்பாகப் போட்டிருப்பேன்.